சிற்றூர்ப் படங்களையும் பயணக் கதைகளையும் பகிர்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவருக்கு

பெருநகரம் ஒன்றின் கோபுரத்தையோ பாலத்தையோ நீங்கள் படமெடுத்துப் பகிர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் பல்லாயிரம் படங்களோடு அது இன்னொன்றாகச் சேரும். அதில் ஒரு பிழை இருந்தாலும் யாருக்கும் பெரிய இழப்பில்லை. பேருந்தோ படகோ நாளுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும் சிற்றூரின் நிலை வேறு. அந்த ஊரின் பெயரைத் தேடுபவருக்குக் கிடைப்பவை நான்கைந்து படங்களே என்றால், அவற்றுள் ஒன்றாகிவிட்ட உங்கள் படமே பல ஆண்டுகளுக்கு அவ்வூரின் முகமாக இருக்கும். நீங்கள் பிழையாக எழுதிய பெயரை அடுத்தவர் அப்படியே எடுத்தாள, நாளடைவில் அதுவே சரியென்று நிலைத்துவிடவும் கூடும். எனவே இக்கட்டுரை படத்தின் அழகைப் பற்றிக் குறைவாகவும், படத்தோடு சேர்ந்து போகவேண்டிய செய்திகளைப் பற்றி அதிகமாகவும் பேசும். அவ்வூரில் பிறந்து வேறிடத்தில் வாழும் ஒருவர் உங்கள் படங்களைக் காண நேர்ந்தால், ‘ஆம், இது எங்கள் ஊர்தான்’ என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல் அதுவே.

புறப்படுமுன்

முதலில் கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். கைப்பேசி தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். பெரும்பாலான கேமராக்கள் அப்படிச் செய்வதில்லை. ஒருமுறை நேர வலயம் மாறியதைக் கவனியாமல் மூன்று நாள் படமெடுத்துவிட்டு, வைகறையில் எடுத்த படங்கள் எல்லாம் நள்ளிரவுக் கணக்கில் பதிவாகியிருந்ததை நான் வீடு திரும்பிய பிறகுதான் கண்டேன். இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு: பயணத்தின் முதல் நாளில், கைப்பேசித் திரையில் தெரியும் நேரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் படத்திலேயே பதிவாகிவிடுவதால், பின்னர் எல்லாப் படங்களின் நேரத்தையும் மென்பொருளில் ஒரே வீச்சில் நகர்த்திவிடலாம்.

மின்சாரமும் இணையமும் அங்கே நிலையாக இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். 2004இல் தொடங்கப்பட்ட, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து இயங்கும் செயலிகள் பல, இணையம் இல்லாதபோதும் வேலை செய்கின்றன. விமானத்தில் செல்வதானால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவைப்படுவதில்லை, 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட சாதாரணப் பவர் பேங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 74 வாட்-மணிதான். பெரிய மெமரி கார்டு ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லவை. ஒன்று கெட்டாலும் பாதிப் பயணம் மிஞ்சும்.

ஊருக்குள் நுழைந்ததும்

முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். ஊரை ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கே கூட்டம் சேர்கிறது, எந்த வழியில் அயலார் போவதில்லை, வெயில் எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்பவை அந்த நடையிலேயே புரிந்துவிடும். சிற்றூரில் ஒரு புதுமுகம் வந்த செய்தி அவர் நடப்பதைவிட வேகமாகப் பரவும் என்பதால், நீங்கள் யார், எதற்காக வந்தீர்கள் என்பதை நீங்களே முந்திக்கொண்டு இரண்டொருவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொன்ன பிறகு கேமராவை வெளியே எடுத்தால், அதைப் பார்ப்பவர் முகத்தில் ஐயம் குறைந்திருக்கும்.

ஒருவரை முகம் தெரியப் படமெடுப்பதற்கு முன் கேளுங்கள். எடுக்கலாமா என்று மட்டும் கேட்டால் போதாது. இதைப் பலர் பார்க்கும்படி பகிரப் போகிறேன், சம்மதமா என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் ஒரே பதில் வரவேண்டும் என்பதில்லை. மொழி தெரியாத இடத்தில் கேமராவைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் முதற்கேள்வி புரிந்துவிடும். இரண்டாவதற்கு முன்பு பகிர்ந்த படம் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து காட்டுங்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். குழந்தை தானாக ஓடிவந்து கேமராவின் முன் நின்றது என்பது சம்மதம் ஆகாது.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் விடை: அழகானதை எடுங்கள், கூடவே சாதாரணமானதையும் எடுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஜியோகிராஃப் என்னும் திட்டம், நிலத்தை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் படங்களைத் திரட்ட முனைந்தது. சதுரம் எங்கே விழுகிறதோ அங்கேதான் படம் எடுக்கவேண்டும் என்பதால், யாரும் தேடிப்போகாத வேலிகளும் முச்சந்திகளும் வயலோரப் பாதைகளும் அதில் இடம்பெற்றன. இத்தகைய படங்களின் பயன் காலம் செல்லச் செல்லத்தான் கூடுகிறது: சூரியன் மறையும் காட்சி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கும், தெருமுனையும் அறிவிப்புப் பலகையும் அப்படி இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு இடத்திலும் தொலைவிலிருந்து ஒன்று, நடுத்தர இடைவெளியில் ஒன்று, மிக அருகில் ஒன்று என எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெயர்ப்பலகை, கால அட்டவணை, கல்வெட்டு, நினைவுத்தூண் போன்ற எழுத்துள்ள எதையும் விடாமல் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வெளியிடாவிட்டாலும், பின்னர் எழுதும்போது பெயரையும் ஆண்டையும் சரிபார்க்க அவையே துணை.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக. காலை, மாலைச் சாய்வெயிலில் சுவரின் சொரசொரப்பும் முகத்தின் கோடுகளும் துலங்கும் என்பது பலரும் அறிந்ததே. அந்த வெயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுவதைப் புதியவர்கள் கணக்கில் கொள்வதில்லை. வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது ஏறக்குறைய நேர்செங்குத்தாக இறங்குவதால், அடிவானத்துக்கு மேல் 6 பாகையில் இருக்கும் சூரியன் 24 நிமிடங்களில் அதைத் தொட்டுவிடும். துருவங்களை நோக்கிப் போகப் போக அது சாய்வாக இறங்குவதால் அதே ஒளி நெடுநேரம் நீடிக்கிறது. வெப்ப மண்டலத்தில் இருக்கிறீர்கள் என்றால், இடத்தை நண்பகலிலேயே தேர்ந்து வைத்துவிட்டு மாலையில் நேராக அங்கே போய் நில்லுங்கள்.

அன்றே எழுதுங்கள்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நீங்கள் பின்பற்றப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். படமெடுத்த அன்றிரவே குறிப்பெழுதுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது என்னும் நான்கோடு, இதை நான் எப்படி அறிந்தேன் என்ற ஐந்தாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்ணால் கண்டது, ஒருவர் சொன்னது, பலகையில் படித்தது ஆகிய மூன்றும் ஒரு மாதத்துக்குப் பின் நினைவில் கலந்து ஒன்றாகிவிடும். எழுத நேரமில்லாவிட்டால், இடத்தை விட்டு நகருமுன் கைப்பேசியில் அரை நிமிடம் பேசிப் பதிந்துகொள்ளலாம். பெயர்களை மட்டும் காதால் கேட்டு எழுதாதீர்கள். நோட்டுப் புத்தகத்தை நீட்டி அவரையே எழுதச் சொல்லுங்கள். ஊரின் பெயரைப் பலகையில் ஒருவிதமாகவும், வரைபடத்தில் இன்னொரு விதமாகவும், ஊரார் வாயில் மூன்றாவது விதமாகவும் காண்பது அரிதன்று. மூன்றையும் குறித்து வைத்தால், எதை முதன்மையாகக் கொள்வது என்பதைப் பிறகு ஆற அமர முடிவு செய்யலாம்.

குறிப்பெழுதாததன் விலை என்ன என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1936ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற சிறிய ஊருக்கு அருகே, பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர்களின் முகாமில் புகைப்படக் கலைஞர் டொரோத்தியா லாங் எடுத்த தாயும் குழந்தைகளும் உள்ள படம், 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தத் தாயின் பெயரை அவர் குறித்துக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 வரை ஆயிற்று. அப்போது அந்தத் தாய், அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்று மனக்குறையோடு சொன்னார். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் படத்தோடு வழங்கிவந்த செய்திகள் சிலவற்றையும் அவருடைய பிள்ளைகள் மறுத்தார்கள். தேர்ந்த கலைஞர் ஒருவருக்கே, சில நிமிடச் சந்திப்பில் இப்படி நேர்ந்தது.

காப்புப்படி

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. இணையம் மெதுவாக இருக்கும் ஊரில் மூன்றாவது பிரதி இயலாது. எனவே கார்டு ஒரு பையிலும் அதன் நகல் இன்னொரு பையிலும் இருக்கட்டும், வீடு சேரும்வரை எந்தக் கார்டையும் அழிக்கவேண்டாம். செய்திச் செயலி வழியாக நண்பருக்கு அனுப்பி வைத்ததைக் காப்புப்படி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்: படமாக அனுப்பினால் பெரும்பாலான செயலிகள் அதைச் சுருக்கிவிடுகின்றன, நாள், நேரக் குறிப்புகளும் அதோடு உதிர்ந்துவிடுகின்றன. கோப்பாக, அதாவது ஆவணமாக, இணைத்து அனுப்பினால் மூலம் மாறாமல் போய்ச்சேரும்.

தேர்வும் திருத்தமும்

முந்நூறு படங்களை எடுத்தவர் முந்நூறையும் பகிர்ந்தால், பார்ப்பவர் பத்தாவது படத்தோடு நின்றுவிடுவார். ஒரு சிற்றூருக்குப் பன்னிரண்டு முதல் இருபது படங்கள் போதும் என்பது என் கணக்கு. ஊர் எங்கே அமைந்திருக்கிறது என்பதைக் காட்டும் பரந்த காட்சி, நடமாட்டம் மிகுந்த தெரு, தொழில் செய்யும் கைகள், ஊருக்கே உரிய கட்டடம், வந்துசேரும் வழி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாவது இருக்கட்டும். எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், அதிலிருப்பவர் பார்த்தால் கூசிப்போவார் என்று தோன்றினால் தொகுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். சிதைந்த சுவர்களை மட்டுமே தொகுத்து வெளியிடும் ஆசை புதியவர் பலருக்கும் வரும், எனக்கும் வந்ததுண்டு. அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே புதிதாக எழும் வீட்டைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு ஊரே பாழடைந்ததாகக் காட்டுவது, படத்தில் எதையும் மாற்றாமலே சொல்லும் பொய்.

கணினியில் திருத்தும்போது சாய்ந்த அடிவானத்தை நேராக்குவது, இருண்டதை வெளிச்சமாக்குவது, நிறம் பிறழ்ந்திருந்தால் மீட்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்கம்பிகளை அழிக்காதீர்கள், வானத்தை மாற்றாதீர்கள். திரையில் பகிர நீளமான பக்கம் 2048 புள்ளிகள் இருந்தால் தாராளம்; நிற வெளியை எஸ்ஆர்ஜிபி என வைத்தால் பல வகைத் திரைகளிலும் நிறம் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். மூலக்கோப்பை மட்டும் ஒருபோதும் சுருக்கிச் சேமிக்காதீர்கள்.

படவிளக்கமும் இடக்குறிப்பும்

கோப்பின் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால், எந்தக் கணினியிலும் படங்கள் கால வரிசையில் தாமாக நிற்கும். அதைவிட முக்கியம், விளக்கத்தைப் படத்துக்கு வெளியே மட்டும் எழுதாமல் கோப்புக்கு உள்ளேயும் பதிவது. 1995இல் ஜப்பானில் உருவான எக்ஸிஃப் என்னும் முறைப்படி கேமரா தானாக நேரத்தையும் அமைப்புகளையும் கோப்பில் எழுதுகிறது; செய்தி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஐபிடிசி என்னும் முறைப்படி தலைப்பு, விளக்கம், எடுத்தவர் பெயர், உரிமை ஆகியவற்றை நாம் எழுதிச் சேர்க்கலாம். படத்தை வேறொருவர் பதிவிறக்கினாலும், அது நீக்கப்படாத வரை, விளக்கம் கூடவே போகும்.

நல்ல விளக்கம் எப்படியிருக்கும்? ‘காலம் மறந்த துறை’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ‘படகுத்துறையின் கிழக்குப் படிகள், காலை 7 மணி; வாரம் இருமுறை வரும் அஞ்சல் படகிலிருந்து மூட்டைகளை இறக்குகிறார்கள்’ என்று எழுதினால், அந்தத் துறையை அறிந்தவர் தலையசைப்பார், அறியாதவர் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வார். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் மாற்று உரையைத் தனியாக எழுதுங்கள். விளக்கம் படத்தில் தெரியாததைச் சொல்லும், மாற்று உரை தெரிவதைச் சொல்லும்.

இடக்குறிப்பில் சற்று நிதானம் வேண்டும். கைப்பேசிப் படங்களில் ஜி.பி.எஸ். ஆயத்தொலைகள், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், பெரும்பாலும் தாமாகவே பதிந்துவிடுகின்றன. அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் இருந்தால் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம், அதாவது ஒரு வீட்டின் வாசற்படி. மூன்று இலக்கங்கள் என்றால் 111 மீட்டர், ஒரு தெரு. இரண்டு இலக்கங்கள் என்றால் 1.1 கிலோமீட்டர், ஒரு சிற்றூர் முழுவதும். ஊரைக் காட்டும் படங்களுக்கு இரண்டு இலக்கங்களே போதும். ஒருவர் வீட்டு முற்றத்திலோ உள்ளறையிலோ எடுத்த படமானால் ஆயத்தொலைகளை அறவே நீக்கிவிடுங்கள். அரிய பறவையின் கூடு, காவலற்ற பழஞ்சிற்பம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

மிகையான புகழ் சிற்றூரை என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயிரம் பேர்கூட வாழாத ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில், தற்படம் எடுக்க வந்து குவிந்தவர்களால் சலித்துப்போய், 2023ஆம் ஆண்டு காட்சியை மறைத்து மரத்தடுப்பே எழுப்பினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அதை எடுத்துவிட்டார்கள். உங்களுடைய பன்னிரண்டு படங்கள் அப்படியொரு கூட்டத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரே கோணத்தைக் குறித்து ‘இங்கே நின்று எடுங்கள்’ என்று எழுதுவதைவிட, ஊரைப் பரவலாகக் காட்டுவது அவ்வூருக்குச் சுமை குறைவு.

கதையை எழுதுதல்

புறப்பட்ட நேரத்திலிருந்து திரும்பிய நேரம்வரை வரிசையாக எழுதுவது நாட்குறிப்பு. படிப்பவருக்கு அது தேவைப்படுவதில்லை. குறிப்பேட்டைப் புரட்டி, உங்களை நின்று பார்க்கவைத்த ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்து, அங்கிருந்து தொடங்குங்கள். அதன்பின் ஊருக்கு வரும் வழி, தொலைவு, தங்குமிடம் முதலியவற்றைச் சொல்லலாம். இத்தகைய செய்திகள் விரைவில் பழசாகும் என்பதால், எந்த மாதம், எந்த ஆண்டு நீங்கள் போனீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ‘நிறையப் படிகள்’ என்பதைவிட எண்ணிப் பார்த்து ‘84 படிகள்’ என்பது வலுவானது. எண்ணவில்லையென்றால் எண்ணை எழுதாதீர்கள்.

சில சொற்களைத் தவிர்க்கப் பழகுங்கள். ‘வெள்ளந்தி மனிதர்கள்’ என்பது ஒரு மாலை மட்டும் பழகியவர் எழுதும் சொல். அவர்களிடையேயும் வழக்கும் வம்பும் உண்டு என்பது ஒரு வாரம் தங்கினால் தெரியும். ‘யாரும் அறியாத ஊர்’ என்றால் அங்கே வாழ்பவர்கள் யார்? ‘நான் கண்டுபிடித்தேன்’ என்பதும் அப்படியே. ஊரார் சொல்லும் பழங்கதையை எழுதும்போது ‘ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று அடையாளப்படுத்திவிட்டு, ஆண்டும் அரசர் பெயரும் வந்தால் வேறொரு சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உண்மையென எழுதவேண்டும். மேற்கோள் குறிக்குள் இடும் பேச்சு, அவர் சொன்ன சொற்களாகவே இருக்கவேண்டும். கருத்து மட்டும் நினைவிருந்தால் மேற்கோள் இல்லாமல் உங்கள் நடையில் சொல்லுங்கள்.

உரிமை

1886இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், படத்தை எடுத்த கணமே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது; பதிவு செய்யத் தேவையில்லை. பிறர் பயன்படுத்தலாம் என்று நீங்களே விரும்பினால், 2002 முதல் வழங்கிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எடுத்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்பது ஒன்று. மாற்றியமைத்தால் அதையும் இதே உரிமத்தில் வெளியிடவேண்டும் என்பது இன்னொன்று. வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது மற்றொன்று. யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் வணிகத்தடை உள்ள படங்களை ஏற்பதில்லை. ஒருமுறை இந்த உரிமத்தைக் கொடுத்துவிட்டால் அதன்படி ஏற்கெனவே பயன்படுத்துபவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்பதால், ஓரிரு நாள் யோசித்துக் கொடுங்கள். மேலும், காப்புரிமை உங்களுடையது என்பதனால் படத்திலிருப்பவரின் சம்மதம் தேவையற்றதாகிவிடாது, அது தனி. பொதுவிடத்தில் உள்ள சிற்பத்தையும் புதிய கட்டடத்தையும் படமெடுத்து வெளியிடுவதற்கான சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பகிர்ந்த பிறகு

‘அது தேவாலயமன்று, பழைய பள்ளிக்கூடம்’ என்று அவ்வூர்க்காரர் எவரேனும் எழுதினால், திருத்தி, திருத்திய நாளையும் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். தம் படத்தை நீக்கச் சொல்பவரிடம் காரணம் கேட்கவேண்டாம், நீக்கிவிடுங்கள்.

படமெடுக்கும்போது அனுப்பி வைக்கிறேன் என்று நீங்கள் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அநேகமாக எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பட்டியல் குறிப்பேட்டில் தனிப் பக்கமாக இருக்கட்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் 4×6 அங்குல அச்சுக்கு 1200×1800 புள்ளிகள் போதும். எந்தக் கைப்பேசிப் படமும் அதைத் தாங்கும். அச்சின் பின்புறத்தில் பேனாவால் எழுதினால் மை ஒட்டிக்கொள்ளும், அடுத்த படத்தின் முகத்திலும் படியும். எனவே அங்கே மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் நாளும் எழுதி, வளையாமலிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே அஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.